பதினேழாம் புள்ளி

எஸ்தரக்காவேதான். ஹோப் காலேஜ் ஸ்டாப்பில் ஏறி, உட்கார இடம் கிடைத்த நிம்மதியில் பையை மடியில் வைத்து, டிக்கெட் வாங்கிச் சில்லறையை எண்ணாமலே பர்ஸில் போட்டு நிமிர்ந்த பிறகுதான் பார்த்தேன். இரண்டு வரிசை முன்னால், ஜன்னலோரம். பின்னங்கழுத்தும் கொண்டையும்தான் தெரிகின்றன. அது போதும். பதினொரு நாள் அந்தப் பின்னங்கழுத்தைப் பார்த்துக் குறிப்பெடுத்தவள் நான். அவள் வேலை பார்த்த பனியன் கம்பெனியில், ஓவர்லாக் மெஷின்களுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார்கள். வலது காதுக்குக் கீழே அந்தத் தழும்பு, சின்ன வயதில் கஞ்சி தெறித்தது என்று சொன்னாள். துப்பட்டாவை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன், வெயிலுக்குப் போடுகிறவள் மாதிரி. வெயில் இந்தப் பக்கமே இல்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அவருக்குக்கூடத் தெரிந்துவிட்டதோ? என்ன தெரியும் அவருக்கு? முப்பத்தாறு வயதுப் பெண், மேலாண்மைக் கல்லூரியில் பாடம் எடுப்பவள், முக்காடு போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகிறாள், அவ்வளவுதான். நீலாம்பூரில் இறங்கிவிடலாமா? இறங்கி அடுத்த பஸ் பிடித்தால் பதினொரு மணிக்கு அவினாசி தாண்டி, இன்றைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிற புதுக் கம்பெனிக்குப் போய்ச் சேர முடியாது. ஆறு யூனிட் வைத்திருக்கிறார்கள். ஆறிலும் ஆள் நிற்பதில்லை. உங்க புள்ளி விளையாட்டை எங்களுக்கும் காட்டுங்க மேடம் என்று முதலாளியே போனில் கேட்டார். விளையாட்டு என்றுதான் சொன்னார். எனக்கு அப்போது கோபம் வந்தது. இப்போது வரவில்லை.

மடியில் இருக்கும் லேப்டாப்புக்குள், கம்பெனியைக் கணினியில் ஓட்டிப் பார்க்கிற மாடலில், இன்னொரு எஸ்தரக்கா இருக்கிறாள். ஆய்வேட்டில் முகவர் என்று எழுதுவோம், வாயில் புள்ளி என்றுதான் வரும். நாற்பத்திரண்டு புள்ளிகள், நாற்பத்திரண்டு தையல்காரர்கள், ஒரு லைன். அதில் எஸ்தரக்கா பதினேழாம் புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் நாலைந்து விதிகள். பக்கத்து மெஷினில் பண்டல் குவிந்து, உனக்குச் சோர்வு இத்தனைக்குக் கீழே இருந்தால், போய்க் கை கொடு. உன்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களில் மூன்று பேர் வேலையை விட்டுவிட்டால், நீயும் விடு. இவ்வளவுதான். முழு லைனும் எப்படி ஓடவேண்டும் என்று யாரும் எங்கும் எழுதி வைப்பதில்லை. புள்ளிகளை விட்டுவிட்டால் அவை தம் பாட்டுக்குத் தம் விதியைப் பார்த்து நடக்கும். அதிலிருந்து ஒரு கம்பெனி தானாக எழுந்துவரும், கூட்டம், கோஷ்டி, சோம்பல், ஓட்டம் எல்லாம். முதல் தடவை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நிஜக் கம்பெனியில் ஒருத்தியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து வைக்க முடியாது, இங்கே முடியும், ஆயிரம் தடவை முடியும், யாருக்கும் வலிக்காது என்று ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் சொல்லுவேன். யாருக்கும் வலிக்காது. பையன்கள் அதையும் எழுதிக்கொள்வார்கள்.

அவள் கொண்டையில் கனகாம்பரம் இல்லை. அங்கே வேலை பார்த்தபோது தினமும் வைத்திருந்தாள். ஜமுனா வாங்கிவந்து பாதியைக் கிள்ளிக் கொடுப்பாள். பதினெட்டாம் புள்ளி ஜமுனா, பக்கத்து மெஷின், இந்த ஊர்க்காரி. நாசரேத் பக்கத்திலிருந்து வந்த இவளும் அவளும் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். என்னையும் நடுவில் உட்காரவைத்து, டீச்சருக்கு ஒரு கை, டீச்சருக்கு ஒரு கை என்று சோற்றை வைத்துக்கொண்டே இருப்பார்கள். அப்படி ஒரு சாப்பாட்டு நேரத்தில்தான் எஸ்தரக்கா சொன்னாள். "போறேன்னு நிக்கிற பிள்ளையக்கூட, ஏட்டி ஒரு மாசம் பொறுத்துப் பாருன்னு சொன்னா நின்னுரும் டீச்சர். போன தீவாளிக்கு மட்டும் ஏழு பேர நிறுத்திருக்கேன், ஆபீஸ்ல ஒருத்தனுக்கும் தெரியாது." நான் அதை நோட்டில் எழுதினேன். அடிக்கோடும் போட்டேன். நீல மை, இரண்டு கோடு. அதை ஒரு விதியாக்கி மாடலிலும் போட்டேன். போட்டேன் என்பது நிஜம். ஆனால் போட்ட பிறகு முடிவு எந்தப் பக்கமும் நிற்கவில்லை. ஒரு தடவை ஓடவிட்டால் பதினேழாம் புள்ளி போனதும் லைன் கலைகிறது. அடுத்த தடவை அது இருப்பதாலேயே கலைகிறது. துறைத்தலைவர் கருணாகரன் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, கோழி கிளறுன மாதிரி இருக்குது? இப்படியும் ஆகலாம் அப்படியும் ஆகலாம்னு சொல்றதுக்குக் கம்பெனிக்காரனுக்கு நாம எதுக்கு?" என்றார். எடுத்துவிடு என்று அவர் சொல்லவில்லை. ரொம்ப நாள் அவர் சொன்னதாகவே எனக்குள் வைத்திருந்தேன். எளிமையாக்கு என்றார், அவ்வளவுதான். எடுத்தது நான். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், டீ ஆறிக்கொண்டிருக்கும்போது, அந்த நாலு வரியை அழித்துவிட்டு ஓடவிட்டேன். கோடு வகிடெடுத்த மாதிரி வந்தது. எல்லோரோடும் பழகுகிற ஒருத்தி லைனில் இருந்தால் வேலையை விடுகிற எண்ணம் அவள் வழியாகத்தான் பரவுகிறது, அவளை நகர்த்தினால் பாதியாகக் குறைகிறது. கட்டுரையில் ஒரு வாக்கியம் சேர்த்தேன், எளிமை கருதிச் சில நடத்தைகள் விடப்பட்டுள்ளன. சில நடத்தைகள். ஏழு பேரை நிறுத்திய ஒருத்தியின் வாய் அதற்குள் இருக்கிறது.

பஸ் சின்னியம்பாளையத்தில் நின்று கிளம்பியது. யாரோ புளிச்ச மாவு வாளியோடு ஏறினார்கள், அந்த வாசனை. எஸ்தரக்கா தலையைத் திருப்பினாள். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன், அது சரியாகத்தான் இருந்தது. குனிந்தபடியே எவ்வளவு நேரம் இருப்பது? இரத்தம் முகத்துக்கு வந்துவிட்டது. இது பரவாயில்லை, அந்தக் கண்ணாடி ரூமைவிட. நினைக்காதே என்றால் அதுதான் முதலில் வந்து நிற்கும். மனிதவள மேலாளர் பாலமுரளி, அவரோடு இரண்டு பேர், திரையில் என் புள்ளிகள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிஜ லைன் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் எத்தனை தெளிவாகப் பேசினேன். பதினேழாம் புள்ளியைச் சிவப்பாக்கிக் காட்டினேன். பாலமுரளி நாற்காலியில் சாய்ந்து, "சரிங்க மேடம், பதினேழு யாரு?" என்றார். பெயர் சொல்ல மாட்டோம் சார், அது எங்கள் ஒழுங்கு என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அவர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். "அந்த நெட்டையா, நாசரேத்துக்கார அம்மாதானே? லைன் பூரா நடந்துக்கிட்டே இருக்குமே, அதானே?" என்றார். நான் சிரித்தேன். ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்தேன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை யார் என்று கேட்டால் சிரிப்பார்களே, அப்படி. அவர்களும் சிரித்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எஸ்தரக்கா நாங்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்து, கையை ஆட்டினாள். நானும் கையை ஆட்டினேன்.

அடுத்த வாரமே அவளைப் பெருமாநல்லூர் பக்கத்து யூனிட்டுக்கு, பேக்கிங்குக்கு மாற்றினார்கள். பதினான்கு வருஷம் ஓவர்லாக் ஓட்டியவள் அட்டைப்பெட்டி மடிக்கப் போனாள். இதைப் பாலமுரளியே போனில் சொன்னார், நல்ல செய்தி சொல்கிற குரலில். அதற்கப்புறம் ஒன்றரை மாதத்தில் அந்த லைனிலிருந்து ஒன்பது பேர் போய்விட்டார்கள். அதையும் அவரே சொன்னார். "வேர் அவ்வளவு ஆழமா ஓடிருக்குதுங்க மேடம், பாருங்க." மாடலில் இரண்டு பேர் போகவேண்டும் என்று இருந்தது. ஒன்பது. அவள் நிறுத்தி வைத்திருந்தவர்கள்தான் அந்த ஒன்பது பேரும் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது, போனைக் காதில் வைத்திருந்தபோதே. ஆமாங்க சார், ஆழந்தான் என்றேன். கட்டுரை அதற்குள் அச்சுக்குப் போயிருந்தது. பிறகு சென்னையில் ஒரு கருத்தரங்கில் சிறந்த ஆய்வு என்று கேடயம் கொடுத்தார்கள். அம்மா அதை டிவி மேல் வைத்திருக்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம், எம் பொண்ணு கம்பெனியவே கம்ப்யூட்டருக்குள்ள ஓட்டிக் காட்டுவா என்கிறாள். நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். ஒன்பது என்ற எண்ணை நான் எங்கேயும் எழுதவில்லை. இன்றைக்குக் காட்டப்போகிற படங்களிலும் அது இல்லை. இரண்டு என்றுதான் இருக்கிறது.

கருமத்தம்பட்டியில் பெரியவர் இறங்கினார். நான் ஜன்னல் பக்கம் நகர்ந்து முகத்தை வெளியே திருப்பிக்கொண்டேன். கம்பெனி விளம்பரப் பலகைகள், காற்றாலை இறக்கை ஏற்றிய நீள லாரி ஒன்று. பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள். பார்க்கவேண்டியதில்லை. மூச்சு விடுவதிலேயே தெரிந்தது.

"டீச்சர்! நீங்கதானான்னு அப்பலருந்து பாத்துக்கிட்டே வாரேன். என்னத் தெரியலையா? எஸ்தரு!"

"தெரியுமேக்கா" என்றேன். முக்காட்டை எடுத்தேன். துப்பட்டாவை மடித்தேன், பிரித்து மறுபடியும் மடித்தேன். மாமியாரைக் கண்ணாஸ்பத்திரியில் விட்டுவிட்டு வருகிறாளாம். இப்போது பூண்டியில் ஒரு சின்ன யூனிட்டில் வேலை, பேக்கிங்கில் இரண்டு மாதம்தான் இருந்தாளாம், காலையில் ஆறு மணி வண்டி, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்ப முடியவில்லை. சொல்லிக்கொண்டே பையைத் திறந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து என் மடியில் வைத்தாள், லேப்டாப் பையின் மேலேயே. "எளச்சுப் போயிட்டிய" என்றாள். பிறகு, "அந்தப் பொஸ்தகம் எழுதுனியளே, வந்துட்டா? எங்க பேரெல்லாம் இருக்கா?"

"பேரு போடலீங்கக்கா. நம்பர்தான்."

"எனக்கு என்ன நம்பரு?"

"பதினேழு."

அவளுக்கு அது பிடித்துவிட்டது. பதினேழு என்று ஒரு தரம் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். அப்போதே இறங்கியிருக்கலாம், தெக்கலூர் வந்துவிட்டது. பேச்சை வேறு பக்கம் திருப்பவேண்டும் என்று வாயில் வந்ததைக் கேட்டேன். ஜமுனா எப்படி இருக்காங்க? கேட்டதுமே அவள் முகம் மூடிக்கொண்டது. முந்தானையை எடுத்து உதட்டைத் துடைத்தாள், ஏதோ கசப்பாகத் தின்றவள் போல.

"அவ பேச்ச எடுக்காதிய டீச்சர். என்னைய மாத்துனது அவதான்."

"ஜமுனாவா?"

"பின்ன? பாலமுரளி சார் கூப்பிட்டு வச்சுக்கிட்டுச் சொல்லுதாரு, நீ யாருகூடச் சாப்பிடுத, எந்த மெஷினுக்கு எத்தன தடவ எந்திரிச்சுப் போற, யாரு வேலைய விடப்போறான்னு யாரு உங்கிட்ட வந்து சொல்லுதா, எல்லாம் எங்களுக்குத் தெரியும்னு. எத்தன தடவன்னு எண்ணிச் சொல்லுதாரு டீச்சர்! பக்கத்துல உக்காந்திருக்கவளுக்குத் தவிர வேற எவளுக்குத் தெரியும்? நான் போன மறுநாளே அவள ஒசத்திச் செக்கிங் வேலை குடுத்துட்டாவ. அதோட வெட்டிட்டேன். அவ போன் நம்பர அழிச்சு, என் நம்பரையும் மாத்திட்டேன். மக பெரியவளாயிட்டான்னு சீருக்குப் பத்திரிகையும் தாம்பாளமுமா வீட்டுக்கு வந்தா. கதவத் தெறக்கல. வெளிய நின்னு, எஸ்தரு எஸ்தருன்னு கூப்பிட்டா. நான் உள்ள லைட்ட அணைச்சுட்டு உக்காந்திருந்தேன்."

எத்தனை தடவை என்று நான்தான் எண்ணினேன். நாளொன்றுக்குச் சராசரி இருபத்து மூன்று. அட்டவணை நான்கில் இருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு தரம் அவள் எழும்போதும் ஒரு கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே. பாலமுரளி கேட்டதும் மின்னஞ்சலில் அனுப்பினேன், பெயர் இல்லாமல், எண்கள் மட்டும், ஒழுங்காக. வெளியே அவினாசி தேர் வீதிக்குப் போகும் திருப்பம் வருகிறது. இப்போது நான் பேசாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. அவள் பூண்டியில் இறங்கிவிடுவாள். ஜமுனா எங்கேயோ செக்கிங் டேபிளில் நின்றுகொண்டிருப்பாள். தான் என்ன தப்பு செய்தோம் என்று அவளுக்குத் தெரியவே போவதில்லை. நான் பதினொரு மணிக்கு ஆறு யூனிட்காரருக்குச் சிவப்புப் புள்ளியைக் காட்டுவேன். அங்கேயும் ஒருத்தி இருப்பாள், லைன் பூராவும் நடந்துகொண்டிருப்பாள். பேசாமல் இருப்பது எனக்கு வரும், சிரிக்கவும் வரும். தாம்பாளத்தோடு வாசலில் நிற்கிற ஜமுனாவை நான் பார்த்ததே இல்லை, ஆனாலும் பார்த்துவிட்டேன். தாம்பாளத்தில் வாழைப்பழமும் பூவும் பத்திரிகையும், இருட்டு வீடு.

"அக்கா, ஜமுனா இல்லீங்க. நானுங்க."

அவள் புரியாமல் சிரித்தாள். நான் சொன்னேன். எந்த வரிசையில் சொன்னேன் என்று தெரியவில்லை, கோடு போட்டு எண்ணியது, அனுப்பியது, கண்ணாடி ரூம், அவர் கேட்டது, நான் சிரித்தது. கையாட்டியதை இரண்டு தரம் சொன்னேன். ஒன்பது பேரைச் சொன்னேன். தைத்து வந்த துணியில் தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்கிறவள் மாதிரி அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஏழு பேர நிறுத்துனேன்னு சொன்னேனே. அதப் போடலியா?"

"போட்டேங்கக்கா. அப்புறம் எடுத்துட்டேன்."

"ஏன்?"

"படம் தெளிவா வரல."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எப்படி இருக்கிறது என்று எனக்கே கேட்டது. முன்சீட்டில் ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். எஸ்தரக்கா என் மடியிலிருந்த கொய்யாப்பழத்தை எடுத்தாள். எடுத்துத் தன் பைக்குள் போட்டாள், கோபமாகக்கூட இல்லை, மறந்துபோய் விட்டுவிட்டதை எடுத்துக்கொள்வது போல. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளுடைய விரல்கள் பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தன. "ஒரு வருஷம்" என்றாள் ஜன்னலைப் பார்த்து. "ஒரு வருஷமா அவள நாய் மாதிரி நெனச்சுட்டேனே." பிறகு என்னிடம் திரும்பி, "அவ நம்பரு ஒங்ககிட்ட இருக்கா?" என்றாள். இருந்தது. பேட்டி கொடுத்தவர்களின் எண்ணை யாருக்கும் தரமாட்டோம் என்று எழுதித்தான் அவர்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். போனில் பு18 என்று போட்டுத் தேடினேன். எண்ணைச் சொன்னேன். அவள் தன் போனில் அழுத்தினாள், மணி போனது, காதில் வைக்கவில்லை. என் பக்கம் நீட்டினாள்.

"நீங்க சொல்லுங்க. எனக்கு வாய் வராது."

"ஆருங்க?" என்றது போன். பின்னால் மெஷின் சத்தம். "ஆருங்க பேசறது?" நான் பெயரைச் சொன்னேன், காலேஜ் பெயரைச் சொன்னேன், கம்பெனிக்கு வந்து நோட்டோட உட்காந்திருப்பேனே என்று சொன்னேன். "அட, டீச்சருங்களா! சொல்லுங்!" அந்தச் சந்தோஷத்தின்மேல்தான் எல்லாவற்றையும் திரும்ப ஒரு தரம் சொல்லவேண்டியிருந்தது. இரண்டாம் தரம் சொல்லும்போது கொஞ்சம் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. மெஷின் சத்தம் குறைந்தது, அவள் எங்கோ வெளியே வந்திருக்கவேண்டும். நான் சொல்லி முடித்தேன். "எஸ்தரு பக்கத்துல இருக்கறாளா?" என்றாள். இருக்காங்க என்றேன். "அவகிட்டக் குடுங்." எனக்கென்று ஒரு வார்த்தையும் இல்லை. கொடுத்தேன். எஸ்தரக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "ஏட்டி" என்றாள். நான் எழுந்து அவள் முழங்காலைத் தாண்டி வெளியே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உட்கார நிறைய இடம் இருந்தது. பையில் என் போன் அதிர்ந்தது, நின்றது, மறுபடியும் அதிர்ந்தது. ஆறு யூனிட்காரராக இருக்கும். எடுத்துப் பேசலாம். இன்றைக்கு வரவில்லை என்று சொல்லலாம், இல்லை, வருகிறேன், வந்து இது தப்பு என்று காட்டுகிறேன் என்று சொல்லலாம். பாலமுரளிக்குச் சொல்லலாம், கட்டுரை வந்த இதழுக்கு எழுதலாம், கருணாகரனுக்கு முன்னால் போய் நிற்கலாம், அம்மாவிடம் கேடயத்தை எடுத்து உள்ளே வை என்று சொல்லலாம். வரிசையாக ஒவ்வொரு முகமாக வந்தது. ஒவ்வொரு முகத்துக்கு முன்னாலும் முதல் வார்த்தை என்னவாக இருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தேன், அது கிடைக்கவில்லை.

பூண்டியில் எஸ்தரக்கா இறங்கினாள். போன் காதிலேயே இருந்தது, இன்னொரு கையால் பையை அணைத்துக்கொண்டு, என்னைத் தாண்டிப் போகும்போது பார்க்கவில்லை. கீழே இறங்கி ரோட்டோரம் நின்றபடியே பேசிக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்டுத் தலையை ஆட்டினாள், கண்ணைத் துடைத்தாள். பஸ் நகர்ந்தது. கண்டக்டர் என் பக்கம் வந்து டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். "என்னம்மா, உங்க ஸ்டாப் அப்பவே போயிருச்சே?" ஆமாங்க என்றேன். அவர் விசிலைக் கையில் பிடித்தபடி, பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"முன்னாடியே வாயத் தொறந்து சொல்றதுக்கென்னம்மா?"